அக்கா சொன்ன சரி

“வீட்ல என்ன பாஷை பேசுவீங்க?” என்று கேட்டபோது, “தமிழ்தாங்க” என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கேட்டபோதும், கல்யாணப் பேச்சில் கேட்டபோதும், கணக்கெடுக்க வந்தவர்கள் வாசலில் நின்று கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். துறையூர்ப் பக்கம் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். வீட்டுக்குள் நாங்கள் பேசுவது தெலுங்கு மாதிரி ஒன்று. பாதிக்குப் பாதி தமிழ் கலந்தது. அசல் தெலுங்குக்காரர்கள் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது. அதைப் போய் ஒரு பாஷை என்று எந்த முகத்தோடு சொல்வது? சொன்னாலும், “ஓ, நீங்க ஆந்திராவா?” என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு விளக்கம் சொல்லி மாளாது.

ஆனால் இந்தத் தடவை கேட்டது என் மண்டையைத் திறக்கப்போகிற ஆஸ்பத்திரியின் ஸ்பீச் தெரபிஸ்ட்.

நான் பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பேச்சுதான் என் பிழைப்பு. சும்மா விலை விசாரிக்க வந்தவளைக்கூட ஒரு பையோடுதான் படியிறக்கி விடுவேன். “இவ வாய்க்குத் தனியா சம்பளம் குடுக்கணும்” என்று முதலாளியே சொல்வார், கொடுத்ததில்லை. அப்படிப்பட்ட நான் ஒருநாள் மத்தியானம், ஒரு அம்மாவுக்கும் மகளுக்கும் புடவையை விரித்துக் காட்டி, “இது மயில்கழுத்து” என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. நிறம் கண்ணெதிரில் இருக்கிறது, அதன் பெயர் எனக்குத் தெரியும் என்பதும் தெரிகிறது, வாய் மட்டும் காலி. வாயின் வலது ஓரம் தானாகத் துடித்தது.

“என்னங்க, கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கிறீங்க? எங்களப் பாத்தா வாங்குற ஆளாத் தெரியலையா?” என்று அந்த அம்மா சண்டைக்கு வந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. வெயில், பட்டினி என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் முறை ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வந்தது. என் வீட்டுக்காரர் திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் வெல்டர். லேசில் பதறுகிற ஆள் கிடையாது. என் வாய் இழுத்ததைப் பார்த்தவர் கையைக்கூடக் கழுவாமல் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி டாக்டர் விளக்கினார். மூளையின் இடது பக்கம், நெற்றிப் பொட்டுக்கு உள்ளே ஓர் இடம். சொல்ல நினைப்பதை வார்த்தையாகக் கோத்து வாய்க்கு அனுப்புவது அது. காதுக்குப் பின்பக்கமாக இன்னோர் இடம். காதில் விழுவது என்ன என்று புரிந்துகொள்வது அது. இரண்டையும் இணைத்து உள்ளே வளைந்து போகும் நரம்புக் கற்றை ஒன்று. அந்த இடங்களுக்கு ஏதோ வெளிநாட்டுப் பெயர்கள் சொன்னார், மனதில் நிற்கவில்லை. நின்றது ஒன்றுதான்: கட்டி, முதலில் சொன்ன இடத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தது.

“இப்போதைக்கு சாதுவான கட்டிதாம்மா. ஆனா சாதுவாவே இருக்காது. எடுத்துரணும்” என்றார். “உங்கள முழிக்க வச்சுத்தான் ஆபரேஷன் பண்ணணும். மூளைக்கு வலி தெரியாது. லேசா கரண்ட் வச்சுத் தொட்டுப் பாப்போம். எந்த இடத்தத் தொட்டா உங்க பேச்சு நிக்குதோ, அந்த இடத்துல கத்தி படாது. புத்தகத்துல போட்டிருக்குற எடத்துலயே எல்லாருக்கும் இருக்காது. ஒவ்வொரு தலையும் ஒரு மாதிரி.”

“நான் முழிச்சிருந்தா நீங்க வேலை பாக்க முடியாது டாக்டர். பேசிக்கிட்டே இருப்பேன்.”

“அதுதாம்மா வேணும்” என்றார். சிரிக்கவில்லை. இது விளையாட்டில்லை என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், தெரபிஸ்ட் படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி என்னைப் பெயர் சொல்ல வைத்தாள். சின்ன வயசுப் பெண், அவ்வளவு பொறுமை. குடை, பூனை, நாற்காலி, வாளி என்று எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று சொன்னேன். நடுவில் போன் அடித்தது. அக்கா. ஊரிலிருந்து வந்த பஸ் சத்திரம் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது, அங்கிருந்து எந்த பஸ் ஏற வேண்டும் என்று கேட்டாள். வழி சொன்னேன், கூடவே, சாப்பிடாமல் கிளம்பி வந்ததற்கு நாலு திட்டும் திட்டினேன். போனை வைத்தால் அந்தப் பெண் அட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப என்ன பாஷை பேசுனீங்க?”

“அதுவா, அது ஒண்ணுமில்லைங்க. சும்மா வீட்டுப் பேச்சு.”

“ஐயோ, தமிழ்தான்னு சொன்னீங்களே!” என்று எழுந்து டாக்டரைத் தேடி ஓடினாள்.

டாக்டர் வந்து நின்றபடியே சொன்னார். ஒருத்தருக்கு இரண்டு பாஷை இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாதாம். பெரும்பாலும் கலந்து கிடக்கும், சில இடம் ஒன்றுக்கு மட்டும் இருக்கும். ஒரு புள்ளியில் கரண்ட் வைத்தால் தமிழ் தடங்கலில்லாமல் ஓடலாம், மற்றது நின்று போகலாம். தமிழில் மட்டும் சோதித்துவிட்டு அந்த இடத்தை வெட்டினால் மற்றது போனது போனதுதான்.

“ஒண்ணுமில்லை” என்று நான் சொன்ன பேச்சில்தான் அக்கா இருந்தாள். அம்மா சீக்கிரமே போய்விட்டாள், அப்பா அதற்கும் முன்னால். என்னை விடப் பத்து வயது மூத்த அக்காதான் என்னைக் குளிப்பாட்டி, தலைவாரி, அடித்து வளர்த்தவள். என் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் தமிழ் மட்டும்தான் தெரியும். அக்காவோடு நான் ஒருநாளும் தமிழில் பேசியதில்லை. எங்கள் சண்டை, சமாதானம், ஊர் வம்பு எல்லாம் அதில்தான். தமிழில் பேசினால் அவள் யாரோ, நான் யாரோ.

“டாக்டர், அந்தப் பேச்சு போற மாதிரி இருந்தா அந்த எடத்த விட்டுடுங்க. தொடாதீங்க” என்றேன்.

“விடலாம்மா. ஆனா கட்டியோட அந்த ஓரம் உள்ளயே தங்கிடும். மிச்சம் வச்சது திரும்ப வளரும், சீக்கிரமே வளரலாம். அடுத்த தடவை வர்றது இந்த அளவுக்கு சாதுவா இருக்காது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சாச்சு. விட்டுடுங்க.”

“அவ சொல்றபடியே செஞ்சிருங்க சார்” என்றார் என் வீட்டுக்காரர். அதற்குள் அக்காவும் வந்து கதவோரமாகப் பையோடு நின்று, டாக்டர் சொன்னதை முழுக்கக் கேட்டிருந்தாள். எதற்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடாதவள், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

இன்னொரு சிக்கல் இருந்தது. தெரபிஸ்டுக்கு எங்கள் பேச்சு தெரியாது. அட்டைகளை எங்கள் பேச்சில் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள். ஒரே பொருளுக்கு முதல் தடவை ஒன்று சொன்னேன், அடுத்த தடவை வேறு ஒன்று. இரண்டுமே சரி என்று அக்காவும் நானும் சேர்ந்து சாதித்தோம். எங்கள் வீட்டுப் பேச்சு அப்படித்தான், எது கைக்கு வருகிறதோ அதுதான் வார்த்தை. அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் சொல்வது சரியா தப்பா என்று சொல்ல அக்காவை விட்டால் அங்கே ஆளில்லை. கடைசியில், அக்காவையும் உள்ளே உட்கார வைக்க டாக்டர் ஒத்துக்கொண்டார். “ரத்தத்தப் பாத்து மயக்கம் போட்டுட மாட்டீங்களே?” என்று கேட்டார்.

“மாட்டுக்குப் பிரசவம் பாக்குறவ நானுங்க” என்றாள் அக்கா.

மறுநாள் காலை. தலையை ஏதோ பிடியில் இறுக்கிவிட்டிருந்தார்கள், இம்மியும் அசைக்க முடியாது. மண்டையோட்டைத் திறக்கும்வரை தூங்க வைத்திருந்தார்கள். எழுப்பியபோது கண்ணுக்கு மேலே பச்சைத் துணிக்கூடாரம், அதற்குள் தெரபிஸ்டின் முகம், பக்கத்தில் பச்சைத் தொப்பிக்குள் அக்காவின் முகம். மாஸ்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். துணிக்கு அந்தப் பக்கம் டாக்டரின் குரல். என் தலைக்குள் யாரோ இருக்கிறார்கள், நான் இங்கே கண்ணைக் கொட்டிக்கொண்டு கிடக்கிறேன்.

முதலில் தமிழில் ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார்கள். எண்ணிக்கொண்டே போனவள் சட்டென்று நின்றேன். அடுத்த எண் எனக்குத் தெரியும். நாக்கு கல்லாகிவிட்டது. “நின்னுருச்சு” என்றாள் தெரபிஸ்ட். கரண்டை எடுத்ததும் எண் தானாக வெளியே விழுந்தது. “அங்க குறி வச்சாச்சு, அந்த எடத்துக்குப் போக மாட்டேன். பயப்படாதீங்கம்மா” என்றார் டாக்டர். பயப்படாமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா?

பிறகு அட்டைகள். தமிழில் சொன்னேன், எங்கள் பேச்சில் சொன்னேன். எங்கள் பேச்சில் சொல்லும்போதெல்லாம் தெரபிஸ்ட் அக்காவைப் பார்ப்பாள், அக்கா “சரி” என்பாள். ஒருமுறை “தப்பு” என்றாள். டாக்டர் அங்கேயும் குறி வைத்தார். என் அக்கா என் பேச்சுக்குக் காவல் இருக்கிறாள் என்று எனக்குத் தெம்பு வந்தது.

ரொம்ப நேரம் கழித்து டாக்டர் சொன்னார்: “இதுதான் கட்டியோட கடைசி ஓரம். இங்க தமிழ் நல்லா ஓடுது. அவங்க பேச்சையும் பாத்துருங்க.”

பூனைப் படத்தைக் காட்டினாள். எங்கள் பேச்சில் பூனைக்கு பில்லி. அதைத்தான் சொன்னேன். சொன்னதாகத்தான் நினைத்தேன். தெரபிஸ்ட் அக்கா பக்கம் திரும்பினாள். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது.

“சரி” என்றாள்.

“நேத்து வேற மாதிரி சொன்னாங்களே?” என்றாள் அந்தப் பெண்.

“எங்க வீட்ல அப்படியும் சொல்லுவோம்ங்க.”

அடுத்த படம். அதற்கும் “சரி.” மறுபடி ஒன்று. “சரி.” விரல் எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்திருந்தாள். கடைசியில் ரத்தத்துக்குப் பயந்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டேன்.

“நிச்சயமாத்தானேம்மா சொல்றீங்க?” என்று துணிக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் கேட்டார்.

“நிச்சயமாங்க. நல்லாத்தான் சொல்றா. நீங்க எடுங்க” என்றாள் அக்கா.

முதல் சில நாட்கள் எந்தப் பேச்சும் ஒழுங்காக வரவில்லை. உள்ளே வீங்கியிருக்கும், வடிந்ததும் வரும் என்றார்கள். தண்ணி என்றேன், வலிக்குது என்றேன், பிறகு முழு வாக்கியம் வந்தது. தையல் ஆறி, முடி கொஞ்சம் வளர்ந்ததும் என் வீட்டுக்காரரைப் பழையபடி திட்ட ஆரம்பித்தேன். மனிதர் சந்தோஷத்தில் அழுதுவிட்டார். “அப்பாடா, பேச்சு முழுசா வந்துருச்சு!” என்று தொழிற்சாலை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். கடைக்கும் போனேன். மயில்கழுத்து, அரக்கு, வாடாமல்லி என்று எல்லா நிறமும் வரிசையாக வந்தன.

வீட்டுப் பேச்சு மட்டும் வரவில்லை. அக்கா போனில் பேசுவாள், ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் தமிழ்தான் வந்து நிற்கும். அதைத் தள்ளிவிட்டு எங்கள் வார்த்தையைத் தேடினால் அங்கே ஒன்றுமே இருக்காது. தெரபிஸ்ட் பயிற்சி கொடுத்தாள். அக்கா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னேன், கிளிப்பிள்ளை மாதிரி. நானாகச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. மாசக்கணக்காகியும் வரவில்லை. “அதான் எல்லாம் வந்துருச்சே, அது ஒண்ணுதானே” என்பார் வீட்டுக்காரர், என் மனசைத் தேற்றுகிறாராம். அவர் மேல் எரிந்து விழுவேன். ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்தபடி ஒரே ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு கிடப்பேன்.

இதில் எனக்கு உறுத்தியது வேறு ஒன்று. நான் தமிழில் பதில் சொல்கிறேன், அக்கா ஒருநாளும், “ஏண்டி தமிழ்ல பேசுற?” என்று கேட்கவில்லை.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது புது ஸ்கேனைப் பார்த்து டாக்டர் மலர்ந்துவிட்டார். கண்ணுக்குத் தெரிந்து எதுவும் மிச்சமில்லை என்றார். “அப்புறம் என் வீட்டுப் பேச்சு ஏன் டாக்டர் வரல?” என்று கேட்டேன். அவரும் யோசித்தார். வீக்கத்தாலும் ஆகியிருக்கலாம், ரத்த ஓட்டத்தாலும் ஆகியிருக்கலாம் என்றார். “அந்தக் கடைசி ஓரத்துலதான் எனக்கே சந்தேகம் இருந்துச்சு. ஆனா உங்க அக்கா ஒவ்வொரு தடவையும் சரின்னு சொன்னாங்களேம்மா.”

எங்க வீட்ல அப்படியும் சொல்லுவோம்ங்க. அன்றைக்கு அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. எந்த வீட்டில்? அவள் பிறந்த வீட்டில்தானே நானும் பிறந்தேன். பில்லியைத் தவிர எங்கள் வீட்டில் பூனைக்கு வேறு என்ன பெயர் இருந்தது?

வண்டி காவிரிப் பாலம் தாண்டும்போது வீட்டுக்காரர் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார். எதுவும் என் காதில் ஏறவில்லை. அக்கா அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அடுக்களையில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் முன்னால் போய் நின்றேன்.

“பூனைப் படத்தக் காட்டுனப்ப நான் என்ன சொன்னேன்?”

நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

“தலுப்புன்னு சொன்ன” என்றாள். எங்கள் பேச்சில் கதவு.

“அடுத்த படத்துக்கு?”

“என்னமோ உளறுன. அது வார்த்தையே இல்ல.” அவள் எங்கள் பேச்சில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“உன்னைய எதுக்கு உள்ள உக்கார வச்சாங்க? தப்புன்னா தப்புன்னு சொல்லத்தான? விட்டுடுங்கன்னு நான் டாக்டர்கிட்ட சொன்னதக் கேட்டுக்கிட்டுத்தான நின்ன? பாவி, என் பேச்ச அறுத்துக் குடுத்துட்டு வந்து இங்க உக்காந்து வெங்காயமா உரிக்கிற?” என்று கத்தினேன். அவளைத் திட்ட எங்கள் பேச்சில் என்னிடம் எத்தனையோ வசவு இருந்தது. ஒன்றுகூட வரவில்லை. அக்காவைத் தமிழில் திட்டினேன், என் வாழ்க்கையில் முதல் தடவையாக. கடையில் எவளோ ஒருத்தியிடம் சண்டை போடுகிற மாதிரி இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் வாசலோடு நின்றுவிட்டார்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“மிச்சம் வச்சா திரும்ப வரும்னு டாக்டர் சொன்னாரு. நீ பேச்சு பேச்சுன்னு நின்ன. நான் அதத்தான் கேட்டுக்கிட்டு நின்னேன்.”

“என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டா வேண்டாம்னு சொல்லுவ.”

சொல்லியிருப்பேன்தான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“அது எங்கிட்டதான் இருக்கு, எங்கயும் போகல. நீ போயிட்டா அத வச்சுக்கிட்டு நான் யாருகிட்டப் பேசுறது?” என்றாள். “நீ பதில் சொல்ல வேணாம். காது கொடுத்தா போதும்.”

நான் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவள் மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். எனக்கு அவள்மேல் ஆத்திரம் அடங்கவில்லை, இன்றைக்கும் அடங்கவில்லை. என் தலைக்குள் இருந்ததை என்னைக் கேட்காமல் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவள் செய்தது சரி என்று என் வாயால் நான் சொல்லப்போவதில்லை. அவளும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்கிற மாதிரி, எங்கள் பேச்சில் ஊர்க்கதையை ஆரம்பித்தாள். மேலத்தெருவில் யார் வீட்டில் என்ன சண்டை, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, செவலை மாடு கன்று போட்டது, அது எழுந்து நிற்கவே எத்தனை பாடு. ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது.

“காளைக்கன்னா, கெடேரியா?” என்று தமிழில் கேட்டேன்.